தப்பா எடுத்துக்காதம்மா

அவளுக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒத்தைக்கால் என்ற பெயர் பிடிவாதத்தால் வந்தது. ஒன்றாம் வகுப்பில் ஜன்னலோர இடம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், கடைசியில் பெஞ்சையே ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர். பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது, யாரும் தொந்தரவு செய்வதில்லை.

பத்தாவதோடு நிறுத்திக்கொள் என்றபோது ஒற்றைக்காலில் நின்று பன்னிரண்டு முடித்தாள். வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். காரணம் கேட்டதற்கு, அவன் சொல்கிற ஜோக்குக்கு அவனே முதலில் சிரிக்கிறான் என்றாள். சிரிக்கத் தெரிந்த மாப்பிள்ளை கிடைப்பதே பெரும்பாடு என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பேருந்து பணிமனையில் வண்டி பெருக்கிக் கழுவி ஓய்வு பெற்றவள் அம்மா. அத்தனை டிரைவர், கண்டக்டர், மெக்கானிக்கோடும் காலம் தள்ளியதில் அவளுடைய வசவுச் சொத்து பெரியது. அதில் பாதிக்குத்தான் அகராதியில் இடம் உண்டு.

இப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்த இடம் சாக்ஸ் கம்பெனி. அங்கே அவளை நிறுத்திய இடம் ஜோடி சேர்க்கும் மேசை. பெயர் ஒத்தைக்கால், பிழைப்பு ஜோடி சேர்ப்பது. விதிக்கும் நக்கல் வரும் போலிருக்கிறது.

இரண்டு சாக்ஸை எடுத்துச் சேர்த்து வைப்பதில் என்ன வித்தை என்று கேட்பவர்கள் அந்த மேசையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்க வேண்டும். மெஷின் பின்னித் தள்ளும். இன்னொரு பகுதியில் விரல்முனையைத் தைத்து மூடுவார்கள். அப்புறம் கால் வடிவத்தில் இருக்கும் சூடான தகரத்தில் மாட்டி இஸ்திரி போடுவார்கள். எல்லாம் முடிந்து மேசைமேல் வந்து கொட்டும்போது ஒரே நிறம், ஒரே நூல், ஒரே முகம். ஆனால் ஒன்று அரை விரல் நீளமாக இருக்கும், இன்னொன்றின் கழுத்து இறுக்கமாக இருக்கும், மூன்றாவதன் குதிகால் பக்கவாட்டில் திரும்பி முறைத்துக்கொண்டு கிடக்கும். ஒவ்வொன்றிலும் கையை விட்டு, விரலை விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, இழுத்து அளந்து, அதற்குச் சரியான துணையைக் குவியலில் தேட வேண்டும். வேறொன்றை எடுத்துவிட்டால் “தப்பா எடுத்துட்டேன்” என்று சொல்லித் திரும்பப் போட வேண்டும். அடுத்தவள் அதையே எடுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காக வாய்விட்டுச் சொல்கிற வழக்கம். காலையிலிருந்து மாலைவரை அந்த மேசையில் கேட்பது இதுதான். தப்பா எடுத்துட்டேன், ஏய், தப்பா எடுத்துட்டேன்டி. துணை கிடைக்காமல் மிஞ்சுகிறவை மூலையில் ஒரு சாக்குக்குப் போகும். கம்பெனி பாஷையில் அவற்றுக்குப் பெயர் ஒத்தை.

எதிர்ப்பக்கம் நிற்பவள் ரேடியோ. கரண்ட் போனாலும் ஓடுகிற ரேடியோ. ஒத்தைக்காலும் ரேடியோவும் வாய்ப்போரில் இறங்கினால் இஸ்திரிப் பகுதியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். மேனேஜர் நடக்கிற நடை, கேன்டீன்காரர் கல்லாவில் உட்கார்ந்து தூங்கி வழிகிற அழகு என்று ஒத்தைக்கால் எல்லாரையும் செய்து காட்டுவாள். மேனேஜருக்கும் தெரியும். தன் நடையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொஞ்சநாள் நிமிர்ந்து நடந்து பார்த்தார்.

நூல் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் உண்டு. ஸ்டோர்காரர் என்பார்கள். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, இடுப்பில் சாவிக்கொத்து. தங்கமான மனுஷன் என்று பெயர். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதலில் பழம் வாங்கிக்கொண்டு போய் நிற்பார். எதைச் சொல்வதானாலும் “தப்பா எடுத்துக்காதம்மா” என்று ஆரம்பிப்பார். தப்பா எடுத்துக்காதம்மா, கொஞ்சம் தண்ணி தர்றியா. தப்பா எடுத்துக்காதம்மா, மழை வர மாதிரி இருக்கு. மழையை யார் தப்பாக எடுத்துக்கொள்ளப்போகிறார்கள் என்று ரேடியோ சிரிப்பாள். எவ்வளவு பணிவு பாருங்கள் என்று மற்றவர்கள் மெச்சுவார்கள்.

ஒருநாள் மத்தியானம் லேபிள் தீர்ந்துபோய், வாங்கிவர ஒத்தைக்கால் கிடங்குக்குப் போனாள்.

இந்த இடத்திலிருந்து அவனுக்கு மரியாதை கிடையாது. அவன் என்றுதான் எழுத முடியும். அவன் கதவைச் சாத்தினான். அவள் வேண்டாம் என்றாள். இரண்டாவது முறை சொல்ல வாயெடுத்தபோது அதன்மேல் அவன் கை இருந்தது. நூல் மூட்டை அடுக்கிய அறை சத்தத்தை வெளியே விடாது. அதற்குமேல் நடந்ததை அவள் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியிருக்கிறாள், இங்கே அதற்கு வேலையில்லை. எல்லாம் முடிந்தபின் அவன் சட்டையை நீவிக்கொண்டு, லேபிள் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்ன வார்த்தைக்கு மட்டும் இங்கே வேலை இருக்கிறது.

“தப்பா எடுத்துக்காதம்மா.”

அவள் லேபிளோடு திரும்பி வந்து மேசையில் நின்றாள். எதிரில் ரேடியோ ஒரு சாக்ஸை உதறி, “தப்பா எடுத்துட்டேன்” என்று திரும்பப் போட்டாள். ஒத்தைக்காலின் கை குவியலுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

கேடு செய்தவன் அவன். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்கிற பொறுப்பை மட்டும் நைசாக அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனா, சிரித்துப் பேசியதை அவன் அப்படி எடுத்துக்கொண்டானா என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மனசு இரவும் பகலும் சுற்றியது. வாய் நின்றுபோயிற்று. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். எங்கே எந்தச் சாவி குலுங்கினாலும் திரும்பிப் பார்ப்பாள். மூலையில் ஒத்தைச் சாக்குக்குப் பக்கத்தில், முதுகு சுவரில் படுகிற மாதிரி ஓர் இடம் இருந்தது. அங்கிருந்து வாசல் தெரியும். அங்கே மாற்றச் சொல்லிக் கையைக் காட்டினாள். வாயாடி ஓய்ந்தால் போதும் என்று மேனேஜர் மாற்றிக் கொடுத்தார்.

அம்மா பல்வலி என்று முடிவுகட்டினாள். தன் மகள் பேசாமல் இருக்க வேறு எந்தக் காரணமும் அவள் அறிவுக்கு எட்டவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு முப்பத்திரண்டும் முத்து என்றார். “அப்ப நாக்கைப் பாருங்க” என்றாள் அம்மா. அவர் ஒத்தைக்காலின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, மாடியில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்று அனுப்பினார். அம்மா அந்த அம்மாளுக்குப் பேச்சு டாக்டர் என்று பெயர் வைத்தாள்.

பேச்சு டாக்டர் அம்மாவை வெளியே உட்கார வைத்தார். உள்ளே அவர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தத்தை இரண்டு பேருமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒத்தைக்கால் ஒரே வரியில் சொன்னாள். அவர் முதலில் சொன்னது, நீ தப்பாக எதுவும் செய்யவில்லை என்பது. அடுத்து, கம்பெனியில் புகார் கொடுக்கலாம், போலீசுக்கும் போகலாம், எப்போது என்றாலும் நான் கூட வருவேன், ஆனால் எப்போது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அதுவரை, வாய்க்கு வராததைக் கை சொல்லும், மனசில் இருப்பதை வரைந்து கொண்டுவா என்று ஒரு பெட்டி கலர் பென்சில் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் அம்மாவிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வாயைத் திறந்தாள். பணிமனையில் சேர்த்துவைத்த சொத்து முழுவதும் அந்தப் பஸ்ஸில் இறங்கியது. பெயர் சொல்லாமல் திட்டியதால், சில்லறை பாக்கி வைத்திருந்த கண்டக்டர் தன்னைத்தான் என்று நினைத்து ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனார். வீடு வந்ததும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டி முடித்தால் அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

வரைகிற வைத்தியம் சரிப்பட்டு வரவில்லை. ஒத்தைக்கால் போட்ட பூ முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. அடுத்த வாரம் ஒரு குழாயும், அதிலிருந்து சொட்டும் தண்ணீரும் வரைந்து கொண்டுபோனாள். பேச்சு டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, உள்ளே அடைத்து வைத்திருக்கிற கண்ணீரா என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்ல மேடம். எங்க வீட்டுக் குழாய். வாஷர் போயிடுச்சு.”

பேச்சு டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை. தன்னைப் பார்த்து ஒருவர் பரிதாபப்படாமல் சிரித்தது ஒத்தைக்காலுக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. பென்சில் சரிப்படவில்லை என்றால் பரவாயில்லை, கை வேறு எதையாவது தேடிக்கொள்ளும் என்று அவர் அனுப்பி வைத்தார்.

கை தேடிக்கொண்டது. ஒத்தைச் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எப்போதும்போலக் கையை விட்டாள். சாம்பல் நிறம். குதிகால் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே ஏறி, புடைத்த நெற்றி மாதிரி நின்றது. நாலு விரல் மேலே, கட்டைவிரல் கீழே. விரலை மடக்கினாள், நடுவில் ஒரு வாய் வந்தது. பல்செட் கழற்றிய வாய். சற்றுத் தள்ளி மேசையில் ரேடியோ தன் நாத்தனாரின் சரித்திரத்தை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். சாக்ஸ் தலையைத் திருப்பி ரேடியோவைப் பார்த்தது.

“இதுக்கு ஸ்விட்ச் எங்கடி இருக்கு?” என்றது, கட்டைக் குரலில்.

ரேடியோ வாயைப் பிளந்தாள். அத்தனை வாரத்தில் அந்த மூலையிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. ஒத்தைக்காலே திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தாள். ரேடியோவுக்கு விஷயம் தெரியாது, ஆனால் மண்டு இல்லை. என்னடி ஆச்சு என்று ஒத்தைக்காலைக் கேட்கவில்லை. சாக்ஸைப் பார்த்து, “ஸ்விட்ச் எல்லாம் கிடையாது, வேணும்னா உன் காதைப் பொத்திக்க” என்றாள். சாக்ஸ், “எனக்குக் காது ஏது, நான் என்ன கழுதையா” என்றது. பக்கத்து மேசையில் சிரிப்பு கிளம்பியது.

அன்றிலிருந்து அந்தச் சாக்ஸ் குதிகாலக்கா ஆயிற்று. சட்டைப் பொத்தானில் கண், அறுந்த எலாஸ்டிக்கில் முடி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குதிகாலக்கா பேசுவாள். ஒத்தைக்கால் கேட்கத் தயங்குவதையெல்லாம் அவள் கேட்பாள். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து ஒரு மாதமாகிறதே, மேனேஜர் வீட்டிலும் ஆளுக்கொரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் போவார்களா என்று கேட்டாள். சாயங்காலமே தாழ்ப்பாள் வந்தது. சாக்ஸ் பேசியதற்கு யார்மேல் நடவடிக்கை எடுப்பது?

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். விரல்முனை தைக்க விட்டுப்போன சாக்ஸ் கேன்டீன்காரர் ஆயிற்று, எப்போதும் வாய் மூடாத கொட்டாவி. கழுத்து தளர்ந்து தொங்குவது மேனேஜர். கலர் கலராக நூல் பிசகியது ரேடியோ. சாயம் போன நீலம் ஒன்று இருந்தது, அது ஒத்தைக்காலே. அந்தச் சாக்ஸ் பேசாது. மற்றவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக, சாக்ஸ் இல்லாமலும் குரல் வரத் தொடங்கியது. முதலில் தண்ணீர் கேட்க, அப்புறம் சண்டை போட.

பேச்சு டாக்டர் எல்லாச் சாக்ஸையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒத்தைக்காலே சொன்னாள். “அவனைப் பண்ணலை மேடம். பண்ண வரலை.”

அவனைப் பண்ணவும் முடியவில்லை, அவன் வார்த்தையைக் கேட்கவும் முடியவில்லை. மேசையில் யாராவது “தப்பா எடுத்துட்டேன்” என்றால் இன்னமும் கை குவியலுக்குள் உறைந்து போகிறது. நாளெல்லாம் அதைச் சொல்லிப் பிழைக்கிற இடத்தில் நின்றுகொண்டு அந்தச் சொல்லுக்குப் பயந்தால் எப்படிக் காலம் தள்ளுவது?

இந்த நேரத்தில்தான் கம்பெனியின் ஆண்டு விழா வந்தது. தாழ்ப்பாள் கதையைக் கேள்விப்பட்டிருந்த முதலாளியம்மா, அந்தச் சாக்ஸ் பொம்மைப் பெண்ணை மேடையில் கொஞ்சநேரம் ஏதாவது செய்யச் சொல்லுங்கள் என்றார். கூடவே இன்னொரு சேதியும் ரேடியோவில் ஒலிபரப்பாயிற்று. ஸ்டோர்காரருக்குப் பதவி உயர்வு. விழா மேடையில் அறிவிப்பார்கள். மறுநாளிலிருந்து ஜோடிப் பகுதிக்கு அவர்தான் சூப்பர்வைசர்.

ஒத்தைக்கால் அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டாள். அம்மா, “விடலாம். நாளைக்கே விடு. ஆனா நீயா விடுறியா, அவன் விட வைக்கிறானா?” என்றாள். மகள், “அவன் எதிர்லயே அந்த வார்த்தையை நான் ஒரு தடவை சொல்லணும்மா. என் கை நடுங்காம. அது முடிஞ்சா இருக்கேன். முடியலைன்னா வந்துடுறேன்” என்றாள். பழைய ஒத்தைக்கால் தரையில் மெல்ல ஊன்றுவது அம்மாவுக்குத் தெரிந்தது.

அவனைச் செய்வதற்குச் சாக்குப் பூராவும் கிளறினாள். ஓட்டையில் ஒன்று, கோணலில் ஒன்று, சாயம் திட்டுத் திட்டாக ஏறியதில் ஒன்று என்று கையில் மாட்டிப் பார்த்தாள். எதுவும் அவனாக இல்லை. அப்போதுதான் விளங்கியது. அவன் ஒத்தைச் சாக்கில் இருக்கிற ஆளே இல்லை. பழுது உள்ளவன் பழுதுபட்ட மாதிரித் தெரிந்திருந்தால் அன்றைக்கு அவள் அந்தக் கிடங்குக்குள் காலே வைத்திருக்க மாட்டாள். முதல் தரம் என்று முத்திரை குத்தி அடுக்கியிருந்த வெள்ளைச் சாக்ஸ் கட்டைப் பிரித்து, ஒரு ஜோடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஜோடியைக் கலைப்பது அந்தக் கம்பெனியில் பெரிய குற்றம். செய்துவிட்டு, அதற்கு உண்டானதைக் கட்டிவிடுவதாக மேனேஜரிடம் சொன்னாள். கலை என்றால் சேதாரம் இருக்கும் என்று மேனேஜர் பெரிய மனசு பண்ணினார்.

வீட்டில் அதைக் கையில் மாட்டினாள். வாய் திறக்கவில்லை. விரல்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அந்த வெள்ளைக்குள் தன் கை போய் மாட்டிக்கொண்ட மாதிரி மூச்சு முட்டியது. கழற்றிப் போட்டாள். மறுபடி மாட்டினாள். கழற்றினாள். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் சாக்ஸ் அம்மாவின் பக்கம் திரும்பி, நாக்கு ஒட்டிய குரலில், “தப்பா எடுத்துக்காதம்மா” என்றது.

அம்மா கையில் இருந்த கரண்டியால் அதன் தலையில் ஒரு போடு போட்டாள்.

“அம்மா, உள்ள இருக்கிறது என் கை!”

அம்மா அடுத்த அடிக்கு ஓங்கிய கரண்டியோடு நின்றாள். மகள் கையை உதறிக்கொண்டு குதித்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அழுதார்கள். அம்மா அந்தக் கைக்கு எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே, “கையை உருவிக்கிட்டு அவனைத் தனியாக் குடு, நான் பார்த்துக்கறேன்” என்றாள்.

ஒத்தைக்கால் வீங்கிய விரல்களைப் பார்த்தாள். உள்ளே இருப்பது என் கை. கத்தியது அவள்தான், அர்த்தம் இப்போதுதான் உறைத்தது. இவன் வாயைத் திறப்பதும் மூடுவதும் என் விரல். நான் மடக்கினால்தான் இவனுக்கு வார்த்தை. அதற்குப்பின் வெள்ளைச் சாக்ஸ் வாயைத் திறந்தது.

ரேடியோவோடு ஒத்திகை பார்த்தாள். என்ன நடந்தது என்பதை அப்போதுதான் அவளிடம் சொன்னாள். ரேடியோ அன்று மாலைவரை ஒலிபரப்பை நிறுத்தி வைத்திருந்தாள். நாடகம் சின்னதுதான். வெள்ளைச்சட்டை ஒருவர், எதற்கெடுத்தாலும் தப்பா எடுத்துக்காதம்மா என்கிறார். கடைசியில் குதிகாலக்கா, “நாங்க ஜோடி சேர்க்கிறவங்க சார், தப்பா எடுத்தா கம்பெனி எங்களை வெளியே எடுத்துடும்” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், திரை விழும். அவ்வளவுதான் திட்டம். யாரையும் காட்டிக்கொடுப்பது திட்டத்தில் இல்லை. அந்தச் சொல்லை அவன் முன்னால் சொல்லிவிட வேண்டும், அது போதும்.

விழா கேன்டீன் கூடத்தில். மேசையைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டு, அதன்மேல் பெட்ஷீட் கட்டிய மேடை. முன்வரிசையில் முதலாளியம்மா, மேனேஜர், பக்கத்தில் அவன். ஒத்தைக்கால் பெட்ஷீட்டுக்குப் பின்னால் மண்டியிட்டு வலது கையில் குதிகாலக்காவையும் இடது கையில் வெள்ளையையும் மாட்டிக்கொண்டாள். வெள்ளையின் இடுப்பில் ஊக்குகளால் ஒரு சாவிக்கொத்து. ரேடியோ பக்கத்தில் நின்று, தேவையில்லாமல் எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள்.

வெள்ளை எழுந்து கூட்டத்தைப் பார்த்தது. “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, வணக்கம்.”

கூடம் அதிர்ந்தது. ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளை மின்விசிறியிடம், தப்பா எடுத்துக்காதம்மா, கொஞ்சம் வேகமாச் சுத்துறியா என்றது. கதவில் முட்டிக்கொண்டு கதவிடம் தப்பா எடுத்துக்காதம்மா என்றது. தும்மப் போய், தும்முவதற்கு முன்னால் தன் மூக்கிடமே தப்பா எடுத்துக்காதம்மா என்றது. ஒத்தைக்கால் பெட்ஷீட்டின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். தன்னைக் கௌரவப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, முதலாளியம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் கை நடுங்கவில்லை.

வெள்ளை சாவியைக் குலுக்கிக்கொண்டு குதிகாலக்காவின் அருகில் வந்தது. “லேபிள் வேணுமா? கிடங்குக்கு வா. தப்பா எடுத்துக்காதம்மா.”

ஆண்கள் பக்கம் சிரிப்பு தொடர்ந்தது. பெண்கள் பக்கத்தில் விரல்முனை தைக்கிற வரிசையில் இரண்டு பேரின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஓட்டை வழியாக அந்த இரண்டு முகங்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன. ஒத்தைக்காலுக்குப் புரிந்துவிட்டது. இது அவள் ஒருத்தியின் வார்த்தை இல்லை.

குதிகாலக்கா வாயைத் திறந்தாள். வர வேண்டியது கட்டைக் குரல், சொல்ல வேண்டியது ஜோடி ஜோக். தவறிப்போய் வந்தது ஒத்தைக்காலின் சொந்தக் குரல். மரியாதையும் எங்கேயோ தவறி விழுந்துவிட்டது.

“நான் எதையும் எடுக்கலையே. வேண்டாம்னு சொன்னேன். எடுத்தது நீ. தப்பா எடுத்தது நீ.”

ரேடியோகூட மூச்சு விடவில்லை. பெட்ஷீட்டுக்கு மேலே இரண்டு சாக்ஸ். முதலாளியம்மா வெள்ளைச் சாக்ஸைப் பார்த்தார், அதன் இடுப்புச் சாவியைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியில் இருந்தவனின் இடுப்பைப் பார்த்தார். அவன் எழுந்தான். முகத்தில் சிரிப்பின் கடைசித் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆயுசு முழுக்க ஒரே வாசல் வழியாகப் பேசிப் பழகிய வாய் அந்த வாசலைத்தான் திறந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா—”

கூடம் வெடித்தது. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. அவன் கையை உயர்த்தி அடக்கப் பார்த்தான். “இல்லம்மா, தப்பா எடுத்து—” அதற்குமேல் கேட்கவில்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் அதே சொல் வந்து விழுந்தது, ஒவ்வொரு முறையும் கூடம் அவனைச் சிரித்து உட்கார வைத்தது. பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஒத்தைக்கால் எழுந்து நின்றாள். பொம்மையை மறைவில் இருந்து ஆட்டுகிறவள் எழுந்து நிற்பது கூத்துக்கே அழகில்லை. இரண்டு கையிலும் சாக்ஸோடு நின்றாள். இந்த முறை இரண்டு காலிலும்.

பதவி உயர்வு அறிவிப்பு அன்று வரவில்லை. மறுநாள் முதலாளியம்மாவின் அறைக்கு ஒத்தைக்கால் பேச்சு டாக்டரோடு போனாள். உள்ளே போகும்போது விரல்முனை வரிசையிலிருந்து இரண்டு பேர் வந்து பின்னால் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. விசாரணை நடந்தது, அவனை வெளியே அனுப்பினார்கள், போலீசில் வழக்கும் பதிவாயிற்று. வழக்கு நடக்கிறது. நடக்கிறது என்பதைவிடத் தவழ்கிறது என்பது பொருத்தம். தங்கமான மனுஷனைச் சாக்ஸ் கவிழ்த்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் ஒத்தைக்கால் செய்து வைத்திருக்கிறாள், இரண்டு பக்கமும் வாய் உள்ள சாக்ஸில்.

பேச்சு டாக்டர் ஒரு சாக்கு ஒத்தை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கலர் பென்சில் பிடிக்காதவர்கள் வந்தால் கையை விட்டுப் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறார். வாரத்தில் ஒருநாள் ஒத்தைக்காலும் போய் உட்காருகிறாள். முதலில் வந்த பெண் காலை முழுவதும் ஒன்றும் பேசவில்லை. கையில் மாட்டிய சாக்ஸின் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “பரவாயில்ல, வாய் திறக்குதுல்ல” என்றாள் ஒத்தைக்கால்.

அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இப்போதும் முதுகு சுவரில் படுகிற இடத்தில்தான் நிற்கிறாள். கிடங்குக்கு ரேடியோவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், வழியெல்லாம் நாத்தனார் சரித்திரம் கேட்க வேண்டியிருக்கிறது. மேசையில் “தப்பா எடுத்துட்டேன்” என்று குரல் வந்தால், “எடுத்த இடத்துல வைடி” என்று பதில் போகிறது. அதை இப்போது மேசையே கோரஸாகச் சொல்கிறது.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாக்ஸ்களை வைத்திருந்த டப்பாவில் வெள்ளையைக் காணோம். அடுப்படியில் அம்மா கொதிக்கிற பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். கையில் பிடிதுணியாக வெள்ளை. அவன் முகமெல்லாம் கரி.

“தப்பா எடுத்துக்காதடி, உன் ஆளை அடுப்படி வேலைக்கு எடுத்துக்கிட்டேன்” என்றாள் அம்மா.

ஒத்தைக்கால் தன் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கையை உறைய வைக்கிற அந்தக் குளிர் வந்தது. தாமதமாக, லேசாக, வழி தவறி வந்த ஆள் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

“எப்படி இருக்கான்?” என்று கேட்டாள்.

அம்மா பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எவ்வளவு சூடு வச்சாலும் உறைக்க மாட்டேங்குது. சரியான ஆளைத்தான் பண்ணியிருக்க.”